நான்காவது வங்கி

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்தில், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்து நிற்கும் இடத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி கறுப்பு ஷூ. முன்பக்கம் இரும்பு வைத்த, தொழிற்சாலையில் போடுகிற கனமான ஷூ. அதற்கு மேலே பச்சைப் புடவை, புடவைக்கு மேல் சாம்பல் நிறக் கோட்டு. அண்ணி வேலைக்குப் போகும் உடையிலேயே வந்திருந்தார். அப்படித்தான் வரவும் முடியும். காலை ஏழேகாலுக்கு ஊரில் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர், வயிற்று வலி, பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிச் செங்கல்பட்டில் இறங்கியிருந்தார். கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். ஷூவை ஒன்றும் செய்ய முடியவில்லை. "எவனாவது பாத்தா இன்னா சொல்றது பாப்பா?" என்றார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை. நான் அப்போதும் இப்போதும் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விபத்து, கொலை, கடற்கரையில் ஒதுங்கிய உடல் என்று தினமும் எழுதுகிறவள். அன்று பேருந்து டிக்கெட்டுக்கு எடுத்த காசை இரண்டு முறை எண்ணினேன்.

என் அண்ணன் திருப்போரூரில் மனை விற்பவன். வயலுக்கு நடுவே கல் நட்டு, கலர் கொடி கட்டி, சென்னையிலிருந்து வருகிறவர்களைத் தன் வெள்ளைக் காரில் அழைத்துப் போய்க் காட்டுவான். வெளியில் பேச்சு இனிக்கும். வந்தவர்களின் குழந்தைக்கு இளநீர் வெட்டச் சொல்லி, ஸ்ட்ராவைத் தானே போட்டுக் கொடுப்பான். வீட்டு வாசலில் அவன் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டால், யாரும் சொல்லாமலே டிவியின் ஒலி குறையும்.

அண்ணி பதினோரு ஆண்டுகளாக மறைமலைநகரில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தார். அச்சிலிருந்து சூடாக விழும் ரப்பர் வளையங்களின் ஓரப் பிசிறைப் பிளேடால் அறுத்து எடுக்கும் வேலை. சம்பளம் பழுப்பு உறையில் கையில் வரும். உறையை ஒட்டியது ஒட்டியபடி அண்ணனிடம் கொடுக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். ஒரு மாதம் பிரித்துக் கொடுத்தார். அன்றுதான் அவருடைய இடது காது போனது. இதை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிவோம். எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் இதுவரை எழுதியதில்லை. அதன்பிறகு அண்ணி யாரிடம் பேசினாலும் தலையைச் சற்றுத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். தெரியாதவர்கள் அதை அடக்கம் என்று நினைப்பார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் காதில் மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து அண்ணன் சொன்னது, "இன்னொரு காது நல்லாத்தானே கீது."

நாங்கள் மாமல்லபுரம் போன அந்த மாதம் ஒப்பந்தக்காரர் மாறினார். புதியவர், இனி உறை கிடையாது, சனிக்கிழமைக்குள் எல்லோரும் வங்கிக் கணக்கு எண் தர வேண்டும் என்றார். கணக்கு இல்லாத பெண்கள் கணவர் எண்ணைக் கொடுக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. வீட்டில் கார் இருந்ததால் அரசு பெண்களுக்குக் கொடுக்கும் மாதத் தொகைக்கு அண்ணி மனுப் போட்டிருக்கவில்லை. அதனால் அவருக்கு எந்த வங்கியிலும் கணக்கு இருந்ததில்லை. அண்ணனோடு படித்தவர் ஒருவர் அங்கே சூப்பர்வைசர். அவர் அண்ணனின் கணக்கு எண்ணை அண்ணி பெயருக்கு எதிரே பென்சிலில் எழுதியே வைத்துவிட்டார். சனிக்கிழமை அதைப் பேனாவால் எழுதுவார்கள். அண்ணி என் அலுவலக போனுக்கு, கம்பெனி கேண்டீனிலிருந்து யாருடைய கைப்பேசியையோ வாங்கிப் பேசினார். "மிஷினு நானே வாங்கிக்கிறேன் பாப்பா. அதுக்கு எம்பேர்ல ஒரு கணக்கு வேணும். உங்க அண்ணனுக்குத் தெரியக் கூடாது."

நான் என் வழக்கப்படி வேலையைத் தொடங்கினேன். குறிப்பேட்டில் கோடு போட்டு நான்கு வங்கிகளை எழுதினேன். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, ஏடிஎம் எங்கே, வட்டி என்ன, விடுமுறை எப்போது. அண்ணி அந்தப் பக்கத்தைப் பார்த்த நேரம் பத்து நொடி இருக்காது. வட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்க நம்ம ஊர்க்காரங்க யார்னா வருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பட்டியலில் கட்டம் இல்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் வங்கியில்தான் அண்ணன் மனை வாங்குகிறவர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்வான். அங்கே செக்யூரிட்டிக்குக்கூட அவனைத் தெரியும். திருப்போரூர் வங்கி அவன் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரி. மறைமலைநகரில் இருப்பது கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட வங்கி. படிவங்களைக் கட்டாக வாங்கிக்கொண்டு போவது அந்தச் சூப்பர்வைசர். மிஞ்சியது மாமல்லபுரம். அங்கே எங்களுக்கு உறவு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. சிற்பம் செதுக்குகிறவர்களும் விடுதிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் வந்து போகும் வங்கி. அண்ணி அதன்மேல் விரலை வைத்தார்.

பதினொன்று பத்துக்கு வங்கிக்குள் நுழைந்தோம். கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். கூரையில் மூன்று கேமராக்கள். முதுகில் மூட்டை சுமந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பணம் மாற்றுவது பற்றி யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். அண்ணி ஷூக்களை நாற்காலிக்கு அடியில் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். எங்கள் முறை வந்தபோது பதினொன்று நாற்பது. கவுண்டரில் இருந்த அதிகாரி ஐம்பதை நெருங்கிய பெண். பேச்சில் திருநெல்வேலி தெரிந்தது. கண்ணாடியில் இருந்த வட்ட ஓட்டைக்கு அண்ணி வலது காதைக் கொடுத்தார்.

கைரேகை இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த விரல். சிவப்பு. பத்து விரல்களையும் வைத்தாயிற்று. அதிகாரி எட்டி அண்ணியின் கையைத் திருப்பிப் பார்த்தார். ரப்பரும் அதைத் துடைக்கும் தின்னரும் பதினோரு ஆண்டுகள் தேய்த்த விரல் நுனிகள் தாள் மாதிரி வழவழப்பாக இருந்தன. "ரேகை விழவே மாட்டேங்குதே. என்ன வேல பாக்கீங்க?" என்று கேட்டார். அண்ணி சொன்னார். "அப்ப ஓடிபி போட்டுருவோம். ஆதார்ல இருக்க நம்பருக்கு வரும்" என்றபடி அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் ரேஷன் அட்டை, காஸ், ஆதார் எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் ஒரே எண்தான். ஆதார் எடுக்கும்போது வீட்டு ஆண்பிள்ளை எண்ணைச் சொல்வான், எல்லோருக்கும் அதையே பதிவார்கள். நான் கல்லூரி முடிக்கும்வரை என் ஆதாரிலும் அண்ணன் எண்தான் இருந்தது. வட்டி விகிதத்தைத் தசமப் புள்ளியோடு எழுதி வைத்த நான், ஆதாரில் யார் எண் இருக்கிறது என்று கேட்கவில்லை. அண்ணிக்குச் சொந்தமாக போன் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "அப்பவே போயிட்டும்மா" என்றார் அதிகாரி.

பன்னிரண்டு மூன்றுக்கு என் போன் அதிர்ந்தது. அண்ணன்.

"இன்னா, எங்க கீற?"

"ஆபீஸ்ல."

பின்னால் ஒலிபெருக்கியில் பெண்குரல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

"டோக்கன் நம்பர் நாப்பத்தி ஒண்ணாம். உங்க ஆபீஸ்ல நியூஸுக்கு டோக்கன் குடுக்குறாங்களா?"

அவனே தொடர்ந்தான். "உங்க அண்ணி ஆதாருக்கு ஓடிபி வந்துகீது. கம்பெனியில கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். எவனோ அவ பேர்ல துட்டு அடிக்கப் பாக்குறான்னு நெனச்சேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டுகீது, நான் யாருக்கும் சொல்லல. இப்போ நீ சொல்லு, எங்க கீற?"

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி போனை வாங்கி வலது காதில் வைத்தார். "நான்தான். பாங்குல கீறேன். எம்பேர்ல கணக்கு தொறக்குறேன்." அவன் ஏதோ கேட்டான். "மாமல்லபுரம்" என்றார். எந்தத் தெரு, எந்தக் கடைக்கு எதிரில் என்றுகூடச் சொன்னார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த ஒரு இடத்தை மறைக்கத்தான் நான்கு வங்கிகளைச் சலித்தோம். அதை அவரே இடம் சுட்டிச் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. ஏன் அண்ணி என்றேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"சொல்லலன்னா நேரா வூட்டுக்குப் போவாரு. அங்க பொண்ணு தனியா கீறா, பரீட்சைக்குப் படிச்சிக்கினு. இங்கன்னா நாலு பேரு கீறாங்க. கண்ணாடிக் கதவு. மேல கேமரா. அடிச்சாலும் அதுல வுழும் இல்ல?"

அவர் இந்த வங்கியை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெரிந்தவர்கள் இல்லாத இடம் மட்டும் போதாது. தெரிந்துவிட்டால் நிற்பதற்கும் ஓர் இடம் வேண்டும். அதை அவர் முன்பே யோசித்திருந்தார். நான் யோசிக்கவில்லை.

திருப்போரூரிலிருந்து காரில் முப்பத்தைந்து நிமிடம். நான் கவுண்டருக்குப் போய், இவருடைய வீட்டுக்காரர் வருகிறார், பிரச்சினை வரலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அதிகாரி தலை நிமிரவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாள் படிவத்தை எடுத்தார். "வரட்டும். ஓடிபி இல்லாட்டிப் பழைய மாதிரி பேப்பர்ல எழுதிருவோம். நேரமாகும். கையெழுத்து நாலு எடத்துல வேணும்." ஆதாரையும் ரேஷன் அட்டையையும் நகல் எடுக்க நான் எதிர்க் கடைக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் கல்யாணப் பத்திரிகை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். சாலையில் வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவனுடையதாகத் தெரிந்தது. சுற்றுலாத் தலத்தில் வெள்ளைக் கார்களுக்குக் குறைவில்லை. எண்ணத் தொடங்கி, பதினேழில் நிறுத்தினேன்.

திரும்பி வந்தபோது அண்ணி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வரைந்தார். முதல் கையெழுத்தும் இரண்டாவதும் ஒன்றாக இல்லை என்று அதிகாரி வேறு படிவம் கொடுத்தார். புதுப் படிவம், முதலிலிருந்து. தொலைபேசி எண் என்ற இடம் வந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். என் எண்ணைச் சொன்னேன். ஏடிஎம் கார்டு தபாலில் வீட்டு முகவரிக்கு வரும் என்றார்கள். "கார்டு வேணாம்மா" என்றார் அண்ணி.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. அண்ணன் வெயிலிலிருந்து வந்த கண்ணோடு உள்ளே தேடினான். சட்டைப் பையில் மனை விளம்பரத் தாள்கள். செக்யூரிட்டி அவனிடம் டோக்கன் எடுக்கச் சொன்னார். ஆச்சரியம், அவன் எடுத்தான். பிறகு நேராக வந்து அண்ணிக்குப் பின்னால் நின்றான். அவனுடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீ நம்ம வூட்டுப் பொண்ணா, அவ வூட்டுப் பொண்ணா?" என்றான். அண்ணியின் பிடரியில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிரில்.

"நாமினி யாரு?" என்று அதிகாரி கேட்டார். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் யாருக்குப் போவணும்?"

"என் பேரு போடுங்க மேடம். நான் வீட்டுக்காரரு" என்றான் அண்ணன். மனை விற்கும் குரல். இனிப்பு.

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நான் அவங்களத்தான் கேட்டேன். உங்க டோக்கன் வந்தா கூப்பிடுவாங்க, உக்காருங்க சார்."

அண்ணன் நின்றது அண்ணியின் இடது தோளுக்குப் பின்னால். அவன் சொன்னது அவர் காதில் விழவில்லை. வலது காதைக் கண்ணாடிக்குக் கொடுத்தபடி, தெளிவாக, மகளின் பெயரைச் சொன்னார். அவள் இன்னும் சிறுமிதானே, காப்பாளர் யார் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னார். அண்ணன் கை தூக்கவில்லை. கேமராவை ஒருமுறை பார்த்தான். பிறகு சுவரோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, டோக்கனை இரண்டாக, நான்காக மடித்தான். ஒன்று பத்துக்கு அண்ணியின் கையில் பாஸ்புக் கொடுத்தார்கள். அவர் அதை என்னிடம் கொடுத்தார்.

மகள் வீட்டில் தனியாக இருந்ததால் அண்ணி அவனோடு ஊருக்குப் போயே ஆக வேண்டும். அண்ணன் கார்க் கதவைத் திறந்தான். அண்ணி முன்னால் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடாமலே நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பூஞ்சேரி தாண்டியதும் அண்ணன், சாலையைப் பார்த்தபடி, "எவனோ அடிச்சிட்டான்னு பயந்துட்டேன்" என்றான். அதில் ஏதோ உண்மை இருந்தது. அதனால் என் பயம் குறையவில்லை. அன்றிலிருந்து எட்டு நாட்கள் நான் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அங்கிருந்தே செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய் வந்தேன். அந்த எட்டு நாட்களில் அவன் கை ஓங்கவில்லை. சனிக்கிழமை சூப்பர்வைசர் பென்சிலில் எழுதியதை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினார். ஒன்பதாம் நாளிலிருந்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அண்ணி சொல்லவில்லை. செய்தியாளர் கேட்காமல் விட்ட கேள்விகளுக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

அந்தக் கணக்கின் செய்திகள் என் போனுக்கு வந்தன. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி சம்பளம் ஏறியதாக ஒன்று. அது வந்தால் அண்ணி வேலைக்குப் போகிறார், நடமாடுகிறார் என்று பொருள். ஒருமுறை ஒன்பதாம் தேதிவரை வரவில்லை. விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்; கம்பெனியில் சம்பளம் தாமதமாம். ஐந்தாவது மாதம் அண்ணி வந்து பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போனார்; சில நாளில், சேர்ந்ததில் பெரும்பகுதியை எடுத்ததாகச் செய்தி வந்தது. அடுத்த முறை பார்த்தபோது காதில் மிஷின் இருந்தது. புடவைத் தலைப்பால் மூடியிருந்தார். அதற்கடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை கொஞ்சம் எடுத்திருந்தார். எதற்கு எடுத்தீங்க அண்ணி என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எனக்குத் தெரியும். கார் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் வரும் பார்வை. "உங்க அண்ணனும் இப்படித்தான் கேப்பாரு" என்றார். கோபம் இல்லை. நான் செங்கல்பட்டு திரும்பும் பேருந்தில் அந்த போனைக் கையில் வைத்துக்கொள்ள விருப்பமில்லாமல் பைக்குள் போட்டேன்.

சென்ற மாதம் பத்தொன்பதாம் தேதி மாலை நான்கு பதினைந்துக்கு, நாளிதழ்ப் பக்கம் முடிக்கும் நேரத்தில், அந்த வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கணக்கில் பதிந்திருந்த கைப்பேசி எண் மாற்றப்பட்டுவிட்டது, இதைக் கேட்டது நீங்கள் இல்லையென்றால் உடனே கிளையை அணுகவும் என்று இருந்தது. புதிய எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அண்ணனின் எண்ணை எடுத்து ஒப்பிட்டேன். பிறகு அவன் அலுவலக எண்ணை. பிறகு மகளிடம் இருக்கும் வீட்டு போனின் எண்ணை. மூன்றில் ஒன்றுகூட அந்த நான்கு இலக்கங்களில் முடியவில்லை. அண்ணிக்கென்று ஒரு எண் வந்திருந்தது.